தொலைக்காட்சிப் பணம் 9 ஆண்டுக்கு வேண்டாம் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது ஏன்?

எஸ்எம்யூ என்றதும் பிராஸ் பசா வளாகம்தானே நினைவுக்கு வருது?

இது வேற எஸ்எம்யூ. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரில் இருக்கும் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம். அங்கு சுமார் 12,000 மாணவர்கள் படிக்கிறார்கள். அமெரிக்க அளவில் பார்த்தால் ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை.

2023 செப்டம்பரில் அது ஒரு முடிவை அறிவித்தது. தன் விளையாட்டு அணிகளை வேறொரு 'கான்ஃபரன்ஸ்'க்கு மாற்றப்போவதாகச் சொன்னது. அதற்காக, 9 ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்புப் பணத்தில் பங்கே வேண்டாம் என்றும் ஒப்புக்கொண்டது.

பணத்துக்காகத்தானே எல்லாரும் இடம் மாறுவாங்க? இவங்க ஏன் பணத்தை விட்டுக்கொடுத்து மாறினாங்க?

முதல்ல, கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

மாநாடு இல்லை. ஒன்றுடன் ஒன்று தவறாமல் மோதும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. ஒரு லீக் மாதிரி.

காற்பந்து, கூடைப்பந்து, நீச்சல் என்று பல விளையாட்டுகளில் ஓர் அணியின் ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டணிக்குள்தான் நடக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான்: ஒளிபரப்பு உரிமையைக் கூட்டணி மொத்தமாக விற்கும். வரும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

நம்மூர்ப் பல்கலைக்கழக ஆட்டங்களுக்குத் தோழர்கள் கொஞ்சம் பேர் வந்து கைதட்டுவார்கள். அங்கே கதையே வேற. அமெரிக்கக் காற்பந்துக்காக அரங்குகள் நிரம்பி வழியும். 'பிக் டென்' என்ற கூட்டணி 2022-இல் 7 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 7 பில்லியன் டாலருக்கும் மேல்!

ஆக, நீங்கள் எந்தக் கூட்டணியில் இருக்கிறீர்கள் என்பதே உங்கள் வருமானத்தையும் பெயரையும் முடிவு செய்துவிடுகிறது.

எஸ்எம்யூ ஏன் அவ்வளவு ஏங்கியது?

அதற்குப் பழைய காயம் ஒன்று உண்டு.

1980களின் தொடக்கத்தில் எஸ்எம்யூ காற்பந்தில் முன்னணி அணி. ஆனால் விளையாட்டாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது அம்பலமானது. அப்போது அது விதிமீறல். 1987 பருவம் முழுவதும் விளையாடவே கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தடை போட்டது. அந்தத் தண்டனைக்கு மக்கள் வைத்த பெயர் 'மரண தண்டனை'. அடுத்த ஆண்டும் எஸ்எம்யூ களமிறங்கவில்லை.

பிறகு 1996-இல் அது இருந்த கூட்டணியே கலைந்தது. டெக்சஸின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில புதிய 'பிக் 12' கூட்டணிக்குப் போய்விட்டன. எஸ்எம்யூவை யாரும் கூப்பிடவில்லை. அதன் பின்னர் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அது இரண்டாம் வரிசைக் கூட்டணிகளிலேயே காலம் தள்ளியது.

கதவு எப்படித் திறந்தது?

மேற்குக் கரையில் நூறாண்டுக்கும் மேல் வரலாறு கொண்ட 'பேக் 12' கூட்டணி 2023-இல் சிதறியது. 12 உறுப்பினர்களில் 10 பேர் வெளியேற முடிவெடுத்தார்கள். வேறு சில கூட்டணிகள் ஆள் சேர்க்க ஆரம்பித்தன.

அந்த நேரத்தில் எஸ்எம்யூ, ஏசிசி எனப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் கதவைத் தட்டியது. புது உறுப்பினர் சேர்ந்தால் ஒளிபரப்பு நிறுவனம் ஏசிசிக்குக் கூடுதல் பணம் தரும். அந்தப் பங்கை எஸ்எம்யூ எடுக்காவிட்டால் பழைய உறுப்பினர்களுக்கு லாபம். அப்படியிருந்தும் 3 பல்கலைக்கழகங்கள் எதிர்த்து வாக்களித்தன.

சரி, அந்த 9 ஆண்டு எப்படிச் சமாளிப்பது? எஸ்எம்யூவுக்கு வசதியான முன்னாள் மாணவர்கள் நிறைய. அறிவிப்பு வந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் 100 மில்லியன் டாலர் நன்கொடை திரண்டது.

பலன் கிடைத்ததா?

களத்தில் கிடைத்தது. 2024-இல், முதல் பருவத்திலேயே, ஏசிசி அணிகளுடன் மோதிய 8 வழக்கமான ஆட்டங்களிலும் வெற்றி. கூட்டணியின் இறுதியாட்டத்தில் 31-34 என்று நூலிழையில் தோல்வி. ஆனாலும் தேசியப் பட்டத்துக்கான 12 அணிகளில் ஒன்றாக இடம் கிடைத்தது.

கணக்குப் புத்தகத்தில் பலன் கிடைத்ததா என்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அப்போ எல்லாரும் மாறிடலாமா?

அவசரப்படாதீங்க. நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்று மாற நினைத்தால் சில செலவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியேறும் கட்டணம்: கூட்டணியைச் சும்மா விட்டுப் போக முடியாது. சின்சினாட்டி, ஹியூஸ்டன், சென்ட்ரல் ஃபுளோரிடா ஆகிய மூன்றும் 2023-இல் பிக் 12-க்கு மாறியபோது, முன்கூட்டியே வெளியேறுவதற்குத் தலா 18 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

பயணம்: ஏசிசியில் பாஸ்டன் நகர அணியும் இருக்கிறது. டாலஸிலிருந்து பாஸ்டன் சுமார் 2,500 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்பந்து அணி பருவத்தில் 12 வழக்கமான ஆட்டங்கள்தான் ஆடும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். கைப்பந்து, கூடைப்பந்து அணிகளோ வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடும். வார நாளில் வகுப்பைத் தவறவிட்டு, விமானத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பது அந்த மாணவர்கள்தான்.

சம்பளம்: 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வின்படி பல்கலைக்கழகங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். எந்தக் குற்றத்துக்காக எஸ்எம்யூ 1987-இல் தண்டிக்கப்பட்டதோ, அது இன்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி!

யார் பணம் கட்டுவது: எஸ்எம்யூவுக்கு நன்கொடையாளர்கள் இருந்தார்கள். பல நடுத்தர அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகள் மாணவர் கட்டணத்தையும் பல்கலைக்கழக மானியத்தையும் நம்பித்தான் ஓடுகின்றன. பந்தையே தொடாத மாணவரும் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறார்.

மாறாமல் இருந்தால்?

அதிலும் ஆபத்து உண்டு. பேக் 12-இல் மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

இருந்தாலும், 'வேண்டாம்' என்றவர்களும் உண்டு. 2024 செப்டம்பரில் அந்த பேக் 12 மீண்டும் ஆள் சேர்த்தது. மெம்ஃபிஸ், டுலேன் உள்ளிட்ட 4 பல்கலைக்கழகங்களையும் இழுக்கப் பார்த்தது. அவை நான்கும் இருந்த இடத்திலேயே இருக்கப்போவதாக அறிவித்தன.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி

மாறுவது சரியா தவறா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் இல்லை. ஆனால் ஒரு கேள்வி எல்லாருக்கும் பொருந்தும்: கணக்கு தப்பினால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

எஸ்எம்யூவில் பெரும்பாலும் நன்கொடையாளர்கள் தலையில். வேறு பல இடங்களில் அது மாணவர்களின் கட்டண ரசீதில் வந்து நிற்கும்.

நாளைக்கு நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ அமெரிக்காவில் படிக்கப் போகலாம். வளாகத்தில் நிறைந்த அரங்கைப் பார்த்துக் கைதட்டுங்கள். கூடவே, கட்டண ரசீதில் 'விளையாட்டு' என்ற வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.