பிளக்கில் பொறி இல்லையா?
பழைய படகு இயந்திரத்தின் மின்கோளாறுகள்

கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி கலகெதர, குருநாகல் வழியாகச் செல்லும் ஏ10 வீதி புத்தளத்தில் முடிகிறது. கலகெதரவில் கடல் இல்லை. ஆனால் இதே வீதியின் மறுமுனையில் களப்பு இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சமடைந்தனர். மன்னார் முசலியில் வயல் செய்தவர்கள் பிறருடைய தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். வேறு சிலர் களப்பில் தொழிலுக்கு இறங்கினார்கள். மண்வெட்டி பிடித்த கைக்கு வள்ளத்தின் பின்னால் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரம் புதிராகத் தோன்றலாம்.

உண்மையில் அது புதிரல்ல. தோட்டத்தில் கயிற்றை இழுத்து நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கியவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். இரண்டிலும் பொறிக்குப் பற்றறி தேவையில்லை. பிளைவீலில் பதித்த காந்தங்கள் கொயிலைக் கடந்து சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. மிகப் பழைய இயந்திரங்களில் அந்த மின்சாரத்தைப் பொயின்ற் துண்டித்துவிடும். பின்னர் வந்தவற்றில் சீ.டி.ஐ. எனப்படும் சிறிய பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. அங்கிருந்து பற்றவைப்புக் கொயில், தடித்த வயர், பிளக். பாதை அவ்வளவுதான்.

இயந்திரம் கிளம்பாவிட்டால் முதலில் சிவப்புக் கயிற்றின் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், தோள் வலிக்கும்வரை இழுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் பலர். அடுத்து பிளக்குகளைக் கழற்றுங்கள். நனைந்து கறுத்திருந்தால் துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கின் இலக்கம் ‘-10’ என்று முடிந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர்.

இனிப் பொறி. எரிபொருள் தாங்கியை அப்பால் வைத்து, சிந்திய பெற்றோலைத் துடைத்து, ஆவி கலைந்தபின் செய்யுங்கள். பிளக்கைத் தொப்பியில் பொருத்தி, அதன் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தை நன்றாகத் தொடும்படி காப்பிட்ட குறட்டால் பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். கையால் பிடித்தால் அடி பலமாக விழும். வயரை அந்தரத்தில் விட்டு இழுத்தால் சீ.டி.ஐ. பழுதாகலாம். நிழலில் நீலமாக, ‘டிக்’ என்ற ஓசையுடன் பாய்வது நல்ல பொறி.

இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லையானால் பிளக்கை மாற்றிப் போடுங்கள், பிறகு கொயிலை. கோளாறு எந்தப் பாகத்துடன் இடம் மாறுகிறதோ அதுவே பழுது. இரண்டிலும் இல்லையானால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். அங்கே முதல் சந்தேகம் நிறுத்தும் சுவிட்ச். சுவிட்சை அழுத்தும்போது பொறிக்குரிய மின்சாரம் எர்த்துக்குப் போவதால்தான் இயந்திரம் நிற்கிறது. உப்பு ஏறிய சுவிட்ச், யாரும் அழுத்தாமலே அதைச் செய்துவிடும். சீ.டி.ஐ.யிலிருந்து சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிப் பாருங்கள்; யமஹாவில் பெரும்பாலும் அது வெள்ளை. பொறி திரும்பினால் குற்றவாளி சுவிட்ச். அந்த வயர் இல்லாமல் கடலுக்குப் போகக்கூடாது. ஆள் விழுந்தால் இயந்திரம் நிற்காது. பச்சை படிந்த எர்த் இணைப்புகளையும் சுரண்டிச் சுத்தமாக்கி, இறுக்கி, மேலே வசிலின் பூசுங்கள்.

எரிச்சலூட்டும் கோளாறு இன்னொன்று: காலையில் நன்றாக ஓடும் இயந்திரம் அரைமணியில் அணைகிறது, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்புகிறது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் பழுதே இல்லை! சூட்டில் கொயிலின் உள்ளே கம்பி விடுபடுவது இதற்கு ஒரு காரணம். ஆகவே அணைந்த அந்த நிமிடமே, சூடாக இருக்கும்போதே பொறியைப் பாருங்கள். மீற்றர் வைத்தாலும் சூட்டிலேயே வையுங்கள். ஆனால் அதற்குமுன் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தாலும் இயந்திரம் இதேபோல அணையும். திருகைத் திறந்து, குழாயிலுள்ள றப்பர் குமிழை அமுக்கியதும் ஓடினால் கொயிலில் கைவைக்க வேண்டாம்.

மண்ணெண்ணெயும் மின்கோளாறாக வேடம் போடும். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது அது மலிவான எரிபொருள் என்ற பெயரையும் இழந்தது. மண்ணெண்ணெய் வகை இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடான பிறகே மாற்ற வேண்டும். நிறுத்துமுன் திரும்பவும் பெற்றோலுக்கு வந்து சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பிளக் நனைந்து, பொறி இல்லாததுபோலவே இருக்கும்.

சீ.டி.ஐ. பெட்டியைக் கடைசியாகவே வாங்குங்கள். விலை அதிகம், போட்டுப் பார்த்த மின்பாகத்தைக் கடைக்காரர் திருப்பி எடுப்பது அரிது. பிளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள், காந்தம் வெடிக்கும். புளர் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். பொறி நன்றாக இருந்தும் இயந்திரம் எதிர்த்து அடித்தால் பிளைவீலின் சிறிய சாவி அறுந்திருக்கிறதா என்று அப்போது பார்த்துவிடலாம்.

கலகெதரவைப்போலக் கடலில்லாத ஊரில் பழைய இயந்திரம் ஒன்றை வாங்குமுன், தண்ணீர் நிரப்பிய பரலில் கால்பகுதியை இறக்கி ஓடவிடச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் றப்பர் விசிறி சிறிது நேரத்திலேயே கருகிவிடும். பரலில் ஐந்து நிமிடம் போதாது, அரைமணி ஓடட்டும். நிறுத்தியதும், சூடு ஆறுமுன் மீண்டும் ஒருமுறை கயிற்றை இழுத்துப் பாருங்கள்.