தூண்டிலில் சிக்கும் மூங்கில் சுறா

சுறா என்றதும் பெரிய உடலும் கூரிய பற்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், எல்லாச் சுறாக்களும் அப்படிப்பட்டவை அல்ல. பினாங்கு தீவைச் சூழ்ந்துள்ள மலாக்கா நீரிணையில் வாழும் மூங்கில் சுறா ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்தான் வளரும். இதனால் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை. மலாய் மொழியில் இதனை ‘யூ சிச்சாக்’ என்பர். சிச்சாக் என்றால் பல்லி. ஒல்லியான உடலும் நீண்ட வாலும் பல்லியை நினைவூட்டுகின்றன. குட்டியின் உடலில் கரும்பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கி, உடல் முழுவதும் பழுப்பு நிறமாகிவிடும்.

பவளப்பாறை இடுக்குகள், கடற்புல் திட்டுகள், மணலும் சேறும் கலந்த ஆழமற்ற கடலடி ஆகியவையே இதன் வாழிடங்கள். பினாங்கின் வடகரையில் தெலுக் பஹாங் போன்ற பாறைக் கரைகள் உள்ளன. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ‘மிடல் பேங்க்’ என்னும் கடற்புல் திட்டும் உள்ளது. பகலில் இடுக்குகளில் பதுங்கும் இச்சுறா, இரவில் வெளிவந்து நண்டு, இறால், சிறுமீன்களைத் தேடும். ஆகவே, இரவு வேளையில் ஈயக்குண்டு கட்டி, கடலடியில் கிடக்கும்படி இட்ட இரையையே இது கவ்வும்.

தூண்டிலில் சிக்கியதை என்ன செய்வது? சிந்திக்க வேண்டிய கேள்வி இது. மூங்கில் சுறா ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள்தாம் இடும். அவை பொரிக்கச் சில மாதங்கள் ஆகும். இழுவலைப் படகுகளோ குட்டி, பெரியது என்று பாராமல் அள்ளிவிடுகின்றன. இழப்பு வேகமாகவும் பெருக்கம் மெதுவாகவும் நிகழ்வதால், அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை ‘அச்சுறு நிலையை நெருங்கியுள்ள இனம்’ எனப் பட்டியலிட்டுள்ளது.

எனினும், நம்பிக்கைக்கு இடமுண்டு. கடல் வற்றும்போது குட்டைகளில் சிக்கிக்கொள்ளும் இச்சுறா, நீருக்கு வெளியேயும் பல மணி நேரம் உயிர் வாழக்கூடியது. எனவே, பிடித்தவர் விடுவித்தால் அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தொங்கவிடக்கூடாது. முள்ளை விழுங்கியிருந்தால் அதைப் பிடுங்காமல், நரம்பை வாயருகே வெட்டி விட வேண்டும். சில நிமிடப் பொறுமை, பல முட்டைகளைக் கடலுக்குத் திருப்பித் தரும்.