பல்பை மாற்றும் முன்: ஹைபிரிட் கார் கற்றுத்தரும் மின்சுற்றுப் பாடம்

மின்சுற்றுச் சோதனையில் பல்பு ஒளிரவில்லை என்றால் மாணவர்கள் பலர் உடனே பல்பை மாற்றுவார்கள். பிறகு மின்கலத்தை மாற்றுவார்கள். கோளாறு எங்கே என்று தேடுபவர் சிலரே. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் காரில் இந்தப் பழக்கம் வீண்செலவில் முடியும், உயிருக்கும் ஆபத்தாகலாம்.

1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் அதன் மின்னியற்றியே எஞ்சினைத் தொடக்கிவைக்கவும் செய்கிறது. அது பழுதானால் பேட்டரியில் மிஞ்சிய ஆற்றல் தீரும்வரைதான் கார் ஓடும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் பேட்டரியின் மின்னழுத்தம் 201.6 வோல்ட், மின்னியற்றிச் சுற்றில் அது 500 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது.

கோளாறு நேர்ந்தால் காரின் கணினி ஒரு குறியீட்டைக் காட்டும். அது சுட்டுவது பழுதான பாகத்தை அன்று. பழுது இருக்கும் சுற்றை. அதற்குள் தேட மூன்று கேள்விகள் உதவும்.

சுற்று அறுந்துள்ளதா? மின்னியற்றியின் மூன்று கம்பிச்சுருள்களும் ஒரு முனையில் ஒன்றாக இணைந்துள்ளன. மற்ற மூன்று முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மின்தடை சமமாக இருக்க வேண்டும். ஒரு சுருள் அறுந்தால் அதைச் சார்ந்த இரண்டு அளவீடுகள் மாறும். சுருளின் மின்தடை 1 ஓமைவிடக் குறைவு என்பதால் மில்லிஓம் அளவி தேவை.

மின்கசிவு உள்ளதா? உயர் மின்னழுத்தச் சுற்று காரின் உடற்பகுதியோடு இணைக்கப்படுவதில்லை. எனவே ஓரிடத்தில் கசிந்தால் உடனே அதிர்ச்சி தாக்காது. இன்னோர் இடத்தில் தொடர்பு ஏற்பட்டால் சுற்று முழுமையாகிவிடும். சில வோல்ட்டில் அளக்கும் மல்டிமீட்டருக்கு நல்லதாகத் தெரியும் மின்காப்பு, 500 வோல்ட்டில் கசியக்கூடும். அதனால்தான் உயர் மின்னழுத்தம் தந்து சோதிக்கும் மெகர் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

உணர்வி சரியாக உள்ளதா? சுழலும் பகுதியின் நிலையை ஓர் உணர்வி தெரிவிக்கிறது. அதன் மெல்லிய கம்பியோ இணைப்பானோ பழுதானால் நல்ல மின்னியற்றியும் வேலை செய்யாது.

ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்தைக் குறிக்கும். பயிற்சி பெற்றவர்கள்கூட மின்காப்புக் கையுறை அணிந்து, பேட்டரியின் பாதுகாப்புச் செருகியைக் கழற்றி, மின்தேக்கிகள் மின்னிறக்கமாகும்வரை காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகே தொடுவார்கள். மாணவர்களுக்குக் காரைத் திறந்து காட்ட வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

100 ஓம் மின்தடையாக்கிகள் மூன்றை ஒரு முனையில் இணைத்து அட்டைப்பெட்டிக்குள் மறைத்து, மற்ற முனைகளுக்கு அ, ஆ, இ எனப் பெயரிடுங்கள். மின்கலம் இணைக்கக் கூடாது. மல்டிமீட்டரால் அளந்தால் ஒவ்வொரு இணையும் ஏறத்தாழ 200 ஓம் காட்டும். அடுத்து, மாணவர் அறியாமல் ஒன்றைத் துண்டியுங்கள். மற்றொரு முறை ஒன்றின் இரு முனைகளையும் கம்பியால் குறுக்கிணையுங்கள். துண்டித்தால் இரண்டு இணைகளில் அளவீடு கிடைக்காது. குறுக்கிணைத்தால் இரண்டு இணைகள் 100 ஓம் காட்டும்.

பெட்டியைத் திறக்கும் முன் எந்த மின்தடையாக்கி, என்ன கோளாறு, எந்த அளவீட்டால் அறிந்தாய் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். விடை சரியாக இருந்து காரணம் இல்லையென்றால் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.