முதுமை எய்தும் ஆடவரும் இயக்குநீர்ச் சிகிச்சையும்

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பலர், உடம்பில் முன்போல் வலுவில்லை என்று சொல்லக் கேட்கிறோம். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும்போதே கால்கள் தளர்கின்றன. நிரையை முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இல்லற வாழ்வில் நாட்டம் குறைகிறது. இவற்றை மனைவியிடம் சொல்லவும் கூசுகின்ற சிலர், பீடோரிலும் சுற்றுவட்டாரத்திலும் இரவுச் சந்தையில் "ஆண்மை மருந்து" விற்பவரிடம் மட்டும் கூசாமல் பேசுகிறார்கள். ஆகவே, இதுபற்றி மருத்துவ அறிவியல் கூறுவதைத் தோட்டப்புறத் தோழர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நன்று.

இயக்குநீர் என்பது யாது?

நம் உடலிலுள்ள சில சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் ஒருவகை நீரைச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. இதுவே ஹார்மோன் எனப்படும் இயக்குநீர். ஆடவரின் விரைகளில் சுரக்கும் இயக்குநீருக்கு டெஸ்டோஸ்டெரோன் என்று பெயர். மீசை அரும்புவதும், குரல் தடிப்பதும், தசையும் எலும்பும் உரம் பெறுவதும், விந்து உண்டாவதும் இதனால்தான்.

1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரௌன் செக்கார் என்னும் முதிய அறிஞர், விலங்குகளின் விரையிலிருந்து பிழிந்த சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். அச்சாற்றில் பயன் தரும் அளவுக்கு இயக்குநீர் இருந்திருக்க இயலாது என்று பின்னர்த் தெரியவந்தது. அவர் உணர்ந்த பலன் நம்பிக்கையின் பலனே. உண்மையான டெஸ்டோஸ்டெரோன் 1935இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியும் காணப்பட்டது. அவ்வழியைக் கண்ட பூட்டனாண்ட், ருசிக்கா என்னும் இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வயதானால் இது வற்றிவிடுமா?

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் இயக்குநீர் விரைவாகக் குறைகிறது. ஆடவருக்கு அவ்வாறன்று. நாற்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெல்ல மெல்லக் குறைகிறது. பெரும்பாலோருக்கு எஞ்சியிருப்பதே போதுமானது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆடவரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, உண்மையான குறைபாடு நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேருக்கே உண்டெனக் காட்டியது.

பால்மரத்தோடு பழகியவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பால் மிகுதியாக வடிவதற்காக வெட்டுப்பட்டையில் மருந்து பூசுகிறோம் அல்லவா? அம்மருந்து வெளியிடும் எத்திலீன் என்பதும் தாவரங்களின் இயக்குநீரே. ஏற்ற மரத்தில், ஏற்ற அளவில் பூசினால் பயனுண்டு. அளவு மீறிப் பூசினால் பட்டை காய்ந்து, பால் அறவே நின்றுவிடும். மனித உடலின் நிலையும் இத்தகையதே.

சிகிச்சை யாருக்கு?

அறிகுறிகளும் இருந்து, இரத்தப் பரிசோதனையிலும் குறைவு காணப்பட்டவருக்கே இச்சிகிச்சை உரியது. இந்த இயக்குநீர் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். ஆதலால் காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையே, வேறுவேறு நாள்களில் இருமுறை இரத்தம் எடுக்கவேண்டும். அது பால்வெட்டும் நேரமாகையால், நிர்வாகத்திடம் முன்னதாகவே சொல்லி விடுப்புப் பெறுவது நலம்.

மருந்து ஊசியாகவும், தோலில் பூசும் களிம்பாகவும், விழுங்கும் குளிகையாகவும் உள்ளது. நெடுநாள் பயன் தரும் ஊசியைப் பொதுவாக 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை போடுவர். களிம்பு பூசிய இடத்தில் பெண்களும் குழந்தைகளும் படாதவாறு காத்துக்கொள்ளவேண்டும்.

பயனும் தீங்கும்

65 வயதுக்கு மேற்பட்ட 790 அமெரிக்க ஆடவரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. இல்லற நாட்டம் ஓரளவு கூடியது. மனநிலையும் சற்றுத் தெளிந்தது. ஆனால், சோர்வு நீங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை.

2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, இதயநோய் உள்ளவர்களும் அது வரக்கூடியவர்களுமான 5,200 பேரை ஆராய்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. எனினும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதலும், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தலும் சற்றே மிகுந்தன. இரத்தம் தடிப்பதும் உண்டு. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உள்ளவருக்கு இம்மருந்து பொதுவாகத் தரப்படுவதில்லை. மேலும் பிள்ளைப்பேறு விரும்புவோர் இதனைத் தவிர்க்கவேண்டும். வெளியிலிருந்து இயக்குநீர் வந்தால், உடல் தன் விந்து உற்பத்தியைக் குறைத்துவிடும். "ஆண்மை மருந்து" எனப்படுவதே மலட்டுத்தன்மைக்குக் காரணமாகலாம் என்பதைப் பலர் அறியார்.

தளர்ச்சியின் வேறு காரணங்கள்

பீடோருக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தில் 54 வயதுடைய வெட்டுத் தொழிலாளி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. தளர்ச்சி முதுமையால் வந்ததென்று எண்ணி, எட்டு மாதங்களாகச் சந்தையில் புட்டி மருந்து வாங்கி அருந்தியிருந்தார். காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் போகவே கிளினிக்குக்குச் சென்றார். அங்கேதான் அவருக்கு இனிப்புநீர் நோய் முற்றியிருப்பது தெரிந்தது. கால்விரல் ஒன்றை எடுக்கவேண்டியதாயிற்று. "முதல் மாதமே வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்" என்று அவர் சொன்னபோது, அருகிலிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது மேலும் மிகுதி. இந்நோயும், உடற்பருமனும், சம்சு முதலிய மதுவும், உறக்கக் குறைவும் இயக்குநீரைக் குறைக்கவல்லவை. இவற்றைச் சீர்செய்தால், பலருக்கு ஊசியின்றியே வலுவும் நாட்டமும் ஓரளவு திரும்பும்.

போலி மருந்துகள்

தொங்காட் அலி வேர் நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. ஆனால் அதன் பெயரால் விற்கப்படும் சில காப்பித் தூள்களிலும் குளிகைகளிலும், சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் இவற்றை அருந்தினால், இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். பதிவுபெற்ற மருந்தில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அவை இல்லாதவற்றை வாங்கவேண்டாம்.

தளர்ச்சி நீடித்தால், பீடோர் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். முதலில் இனிப்புநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் மருத்துவரே தாப்பா மருத்துவமனைக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார். மருத்துவரிடம் இல்லறக் குறையைச் சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. இயன்றால் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.