நீலச் சுறாக்களின் உலகக் கோப்பைப் பாதை

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் பத்துத் தீவுகளாகப் பரந்து கிடக்கும் கேப் வெர்டே, 1975-இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற, ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களே வாழும் சிறு நாடாகும். ‘நீலச் சுறாக்கள்’ எனப்படும் அதன் ஆடவர் கால்பந்து அணி, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தலையாய போட்டியான ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் 2013-இல் முதன்முறையாகக் களமிறங்கி, அப்போதே காலிறுதிவரை முன்னேறியது.

வறட்சியும் பஞ்சமும் துரத்த, தலைமுறை தலைமுறையாக இத்தீவுகளிலிருந்து புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள், பெற்றோரின் தாயகத்துக்காக ஆட உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இடமளிப்பதால், டப்ளினில் பிறந்த தற்காப்பு வீரர் ராபர்ட்டோ லோப்பஸ் போன்றோர் அணியின் தூண்களாயினர்.

2025 அக்டோபர் 13 அன்று தலைநகர் பிராயாவில், முதல் பாதியில் கோலின்றித் தவித்த அணி, பின்னர் மூன்று கோல்களடித்து எஸ்வாட்டினியை வீழ்த்தி, தகுதிச் சுற்றில் தன் பிரிவிலிருந்த வலிமைமிக்க கேமரூனைப் பின்தள்ளி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றமை, மக்கள்தொகை மட்டுமே ஒரு நாட்டின் விளையாட்டு உயரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை ஐயமற நிறுவுகிறது.