சொன்னவருக்குப் பதில் வேண்டும்



தோல் தொழிற்சாலை விபத்தில் பாதித்த குடும்பங்களுக்கு உதவித்தொகை கொண்டு செல்லும்போது, "அங்கே ஆபத்து இருக்கிறதென்று அவர் முன்பே சொன்னாரே" என்று வீட்டார் சொல்லக் கேட்கிறோம். சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

தோலிலிருந்து முடி நீக்க, சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்த குரோம் நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதென்று தொட்டியில் இறங்குபவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு மூன்று மய்யித்துகளை எடுக்கும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது.

தொட்டியின் மூடி உடைந்திருப்பதாக ஒரு தொழிலாளி மேஸ்திரியிடம் சொல்கிறார் என்று வையுங்கள். ஒரு வாரமாகப் பதில் இல்லை. அவர் இனி வாய் திறக்க மாட்டார். அதைப் பார்த்த மற்றவர்களும் திறக்க மாட்டார்கள். முதலாளியோ, புகாரே இல்லை, எல்லாம் சரியாக நடக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். புகாரே வராத தொழிற்சாலையைக் கண்டுதான் நாம் அஞ்ச வேண்டும்.

சட்டமும் இதை உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 41-எச் பிரிவு, அபாயகரமான தொழில்களில் உடனடி ஆபத்தை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது. ஆபத்து உண்மையென்றால் நிர்வாகம் உடனே சரிசெய்து, செய்ததை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னது.

பெரிய செலவு வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். என்ன சொன்னார், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் சொன்னவரையே அழைத்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அந்த வரியை அடியுங்கள். உடனே முடியாதென்றால் காரணத்தைச் சொல்லி, அதுவரை அந்த இடத்தை அடைத்து வையுங்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம். தொழிற்சாலைக்குள் இருப்பதும் பாதைதான்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். தமிழ் தெரியாத இவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? நம்மில் உருது பேசுவோர் அவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதித் தரலாம்.

கட்டம் போட்ட நோட்டுகளை டிரஸ்ட் செலவில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.