ஒற்றியும் மீட்பும்

சென்ற தவணைப் பரீட்சையில் என் மாணவன் ஒருவன், கிறித்தவர் கூறும் மீட்பும் சைவர் கூறும் வீடும் ஒரு பொருள் குறித்த இரு சொற்கள் என்று விடை எழுதியிருந்தான். அவனுடைய சமரச நோக்கம் நன்று, சொல்லாராய்ச்சி நன்றன்று. புள்ளி வழங்குவதா, விடுவதா என்று நெடுநேரம் சிந்தித்தேன். நான் கிறித்தவனல்லேன். ஆயினும், அயலார் சமயத்தை நம் சமயத்தின் மறுபெயரென்று கொள்ளுதல் அவரை அறிந்ததாகாது என்று எண்ணுபவன்.

வீடு என்பது ‘விடு’ என்னும் பகுதி நீண்டு நின்ற தொழிற்பெயர். பற்று விடுதலும் பாசத்தினின்று விடுபடுதலும் அதனுட் பொதிந்துள்ளன. மீட்பு என்பதோ ‘மீள்’ என்னும் தன்வினைக்குப் பிறவினையாகிய மீட்டலினின்று பிறந்தது. ஆதலின் மீட்கப்படும் பொருள் ஒன்றும், மீட்போன் ஒருவனும் வேண்டும். அன்றியும், முன்னர் உரியதாயிருந்து பின்னர்ப் பிறர் கைப்பட்டதனையே மீட்டல் கூடும். புதிதாக வாங்கிய பசுவை மீட்டேன் என்று எவரும் கூறார்.

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி முறை கூறப்பட்டிருக்கின்றது. ஒற்றிக்குக் காணி கொடுத்தவன், பெற்ற பணத்துக்கு வட்டி கொடுப்பதில்லை. பணங் கொடுத்தவன் காணியின் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பான். பனையும் தென்னையும் பிறனுக்குப் பயன் தரும். காணியோ உடையவனுக்கே உரியது. முதலைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் நாள்வரை அந்நிலை நீடிக்கும்.

எபிரேயரிடத்தும் இதற்கு அணுகிய வழக்கம் இருந்தது. வறுமையால் ஒருவன் தன் நிலத்தை விற்றால் நெருங்கிய உறவினன் அதனை மீட்க வேண்டும். தன்னையே அடிமையாக விற்றானாயின் அவனையும் உறவினன் மீட்கலாம் என்று லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அவ்வுறவினனுக்குக் ‘கோயேல்’ என்று பெயர். ரூத்தின் சரிதையில், மிக நெருங்கிய உறவினன் தன் சொத்துக்குக் கேடு வருமென்று அஞ்சி விலகிக்கொள்ள, போவாசு என்பான் முன்வந்து நிலத்தை மீட்டு, கைம்பெண்ணாகிய ரூத்தையும் மணக்கின்றான். இச்சொல்லையே எபிரேயர் பின்பு இறைவனுக்கும் வழங்கினர். மீட்போன் உறவினனாயிருத்தல் வேண்டுமன்றோ? இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்னும் கிறித்தவர் கொள்கையும் மீட்பும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமை இதனாற் புலப்படும்.

இனி, இயேசு தம் உயிரைப் பலருக்காக மீட்புப் பணமாகக் கொடுக்க வந்தாரென்பது மாற்கு சுவிசேடத்தின் கருத்து. கொடை என்றவுடனே இலக்கணம் கற்றவன் கொடுப்போன் யார், கொடைப்பொருள் யாது, கொள்வோன் யார் என்று வினாவுவான். முதலிரண்டும் வெளிப்படை. கொள்வோன் யார்? சாத்தான் என்றனர் பழைய ஆசிரியர் சிலர்; 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன் அவருள் ஒருவர். கள்வனுக்கு விலை கொடுப்பதா என்று 4ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரெகோரியார் அதனை மறுத்தார். கந்தர்பரி அத்தியட்சர் அன்செல்ம் 1098ஆம் ஆண்டளவில் முடித்த நூலில், மனிதன் இறைவனுக்குச் செலுத்தத் தவறிய மாண்பாகிய கடனையே கிறித்து செலுத்தினார் என்று நிறுவினார். ஒருபுடை உவமையை முற்றுவமையாகக் கொண்டமையால் வந்த இடர்ப்பாடு இது என்பது என் கருத்து.

கிரேக்கத்தில் ‘சோத்சோ’ என்னும் வினை காத்தலையும் குறிக்கும்; நோய் நீக்கி நலந்தருதலையும் குறிக்கும். பன்னீராண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமடைந்த இடத்து அவ்வினையே வருகின்றது. பழைய புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்பு வழங்கும் இரட்சிப்பு என்னும் வடசொல்வழிப் பெயர் காத்தலைத் தரும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பெரிதும் ஆளும் மீட்பு, உரியவனிடம் திரும்புதலைத் தரும். நலம்பெறுதல் இரண்டினும் தெளிவாக இல்லை. ‘உய்வு’ என்னும் சொல் அதற்கு இன்னும் அணித்தாகலாம்.

உய்தலுக்கு மனிதன் முயற்சியும் வேண்டுமா, அருள் மட்டும் போதுமா என்னும் வழக்கு, குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் காட்டி வைணவர் வாதித்ததனை நினைவூட்டும். ஐரோப்பாவில் அது லூதர் காலத்திற் சபையையே பிளந்தது. 1547இல் திரெந்துச் சங்கம் அவர் கொள்கைகளைக் கண்டித்தது. 1999இல் ஓக்சுபேர்க்கு நகரில் உரோமைச் சபையாரும் லூத்தரன் சபையாரும் இப்பொருளின் அடிப்படைகளில் உடன்பாடு கண்டு கையொப்பமிட்டனர்.

மற்றொரு வேறுபாட்டையும் விடலாகாது. நமக்கு வீடு என்பது பிறவிச் சுழற்சி ஒழிதல், உடம்பு உதறப்படுவது. கிறித்தவரோ உடலின் உயிர்த்தெழுதலையும் விசுவாச அறிக்கையிற் கூறுகின்றனர். காணியை மீட்பவன் அதிலுள்ள வேலியையும் கிணற்றையும் விட்டு மீட்பதில்லை.

மாணவனுக்குப் பாதிப் புள்ளி இட்டு, இவற்றையெல்லாம் கூறினேன். பொறுமையோடு கேட்டிருந்தவன், “ஐயா, காணியை ஒற்றி வைத்தவர் யார்?” என்றான். ஆதியாகமத்தின் 3ஆம் அதிகாரத்தைப் படித்து, மறுநாள் வரும்படி சொல்லியனுப்பினேன்.